பதினொண்ணும் ஒன்பதரையும்

முடிவெட்டும் கடையில் கேட்கிற செய்தியைப் பாதிக்குப் பாதி தள்ளுபடி செய்துதான் நான் வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். கத்தரிக்கோல் காதோரம் இருக்கும்போது யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்ற தைரியத்தில் அங்கே பலதும் சொல்லப்படுகிறது. ஆனால் போன மாதம் கேட்ட செய்தி தள்ளுபடிக்கு அடங்கவில்லை. எங்கள் பக்கத்துத் தெருக் கோடியில் பெஞ்சும் மேஜையும் செய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே ரம்ப மெஷின் ஓட்டுகிறவருக்குப் பதினோரு விரலாம்.

"காலையும் சேத்தா?" என்று கேட்டேன்.

"கால சேத்தா இருபத்தொண்ணு ஆயிடுமே சார். கையில மட்டும் பதினொண்ணு. ஆளுக்குப் பேரே பதினொண்ணுதான். இப்ப கரண்ட வேற பையில போட்டுக்கிட்டு உக்காந்திருக்காராம். எட்டு நாளா மெஷின் ஓடல. முதலாளி கெஞ்சறாரு, மனுஷன் மசிய மாட்டேங்கறாரு."

மின்சாரத்தைப் பையில் போடுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விரல் எண்ணிப் பார்க்கக் கூடிய பொருள். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு ஸ்டூல் செய்யச் சொல்லும் சாக்கில் பட்டறைக்குப் போனேன்.

நீளமான தகரக் கொட்டகை. உள்ளே போனவுடன் மரத்தூள் மூக்கில் குடியேறிவிட்டது. சுவரில் பளபளவென்று ஒரு பலகை: 'பாதுகாப்பே நமது மூச்சு'. அதன் ஆணியில் யாரோ சட்டையை மாட்டியிருந்ததால் முதலில் 'பாது' மட்டும்தான் தெரிந்தது. நடுவில் ரம்ப மெஷின், சின்ன யானை மாதிரி, அசையாமல் நின்றது. ஆபத்து வந்தால் அடித்து நிறுத்துவதற்கென்று அதில் காளான் குடை போல ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதில் ஒரு சாப்பாட்டுப் பை தொங்கியது. எட்டடி தள்ளி, ஐம்பதைத் தாண்டிய ஒருவர், பெஞ்சுக் காலொன்றை மடியில் வைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வலது கை தெரிந்தது. ஐந்து. இடது கை மரத்துக்கு அடியில் இருந்தது. ஸ்டூல் உயரம் பற்றி நானே எனக்குள் வாதம் செய்வதுபோல் நின்று காத்திருந்தேன். வியர்வை துடைக்கக் கையை எடுத்தார். அதுவும் ஐந்து.

"எண்ணி முடிச்சாச்சா சார்?" என்றார் தலை நிமிராமலே. "வர்றவங்க யாரும் முதல்ல மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. பழகிப் போச்சு."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்ற வந்தவர் மேஸ்திரி. பட்டறையின் வேலைகளைப் பிரித்துக் கொடுப்பவர், வாய்க்குப் பூட்டு கிடையாதவர். பெயர்க் காரணத்தை அவர்தான் விளக்கினார்.

"இந்தத் தொழில்ல பெரிய கைங்க எல்லாம் ஒம்பது விரலுதான் சார். எட்டும் உண்டு. அப்ப ஒம்பதுதானே முழுக் கணக்கு? முப்பது வருஷம் மெஷின்ல நின்ன ஆளுக்குப் பத்து இருந்தா, பாக்கறவன் நம்ப மாட்டான். ஒண்ண ஒளிச்சு வெச்சிருக்கான்னுதான் நினைப்பான். அதான் ஒண்ணு கூட்டிப் பதினொண்ணு."

"உங்களுக்கு?"

"ஒம்பதர." இடது ஆள்காட்டி விரலின் அடிப்பாதியை மெடல் காட்டுவதுபோல் காட்டினார். "நமக்கும் அதான் பேரு."

பாதி விரல் போன கதையை அவர் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லுவார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்குக் கிடைத்ததில் ஒரு வெறிநாய் வந்தது.

ஒன்பதரையின் சொந்தத் தங்கைதான் பதினொண்ணின் மனைவி. மச்சான் என்றும் மாப்ள என்றும் இருபத்தைந்து வருடமாக ஒரே கொட்டகைக்குள் கூப்பிட்டுக்கொண்டவர்கள், ஒன்பது நாளாகப் பேச்சில்லை. அதனால் நடுவில் அகப்பட்ட நான் தபால் பெட்டியானேன்.

"சார், ஸ்டூலுக்கு மரம் அறுக்கணும். மெஷின் ஓட்டறீங்களான்னு அவரக் கேளுங்க."

"சார், பூட்டு வந்துருச்சான்னு அவரக் கேளுங்க."

"சுண்டைக்கா பூட்டு சார். அதுக்குப் போயி."

"சுண்டைக்கான்னா வாங்கிக் குடுத்துட வேண்டியதுதானே சார்?"

நான் ஸ்டூலைப் பற்றிப் பேசினேன். இருவரும் கேட்கவில்லை.

பூட்டின் கதையைச் சொல்வதற்கு முன்னால் பதினொண்ணின் வேலையை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். மெஷின் ஓடவில்லை என்பதால் அவர் எனக்கு நடித்துத்தான் காட்டினார். ரம்பத்துக்குள் பலகையைத் தள்ளும்போது கடைசி ஒரு சாண் தூரம் இருக்கிறதே, அங்கே அவர் கை போவதில்லை. வாய் பிளந்த பறவைத் தலை மாதிரி செதுக்கிய ஒரு குச்சி வைத்திருக்கிறார். அதால்தான் தள்ளுவார். அந்தக் குச்சியை என் கையில் கொடுத்தார். நுனியில் பத்துப் பன்னிரண்டு வெட்டுக்காயம்.

"இதெல்லாம் எனக்கு வர வேண்டியது சார். அது வாங்கிக்கிச்சு. நாலாவது குச்சி இது. பதினோராவது விரல் இதான்னு வெச்சுக்குங்களேன்."

முடிவெட்டும் கடையில் சொன்னது பொய்யில்லை என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

போன வருடம் முதலாளி பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு டஜன் கையுறை வாங்கி வந்தாராம். எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள், பதினொண்ணு மாட்டவில்லை. "சொன்ன பேச்சு கேக்க மாட்டான்" என்று கெட்ட பெயர். சுத்துகிற மெஷினுக்கு முன்னால் துணிக் கையுறை போட்டால், அது முதலில் நூலைப் பிடிக்கும், பிறகு கையுறையைப் பிடிக்கும், பிறகு கையுறைக்குள் இருப்பதைப் பிடிக்கும் என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னபோது, மேஸ்திரி திடீரென்று கூரையில் ஏதோ ஓட்டை இருப்பதுபோல் அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். வெறிநாய்க்கும் கையுறைக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

இனி பூட்டு. பிளேடு மாற்றவோ, பெல்ட் மாட்டவோ, அடைத்த தூளை எடுக்கவோ மெஷினுக்குள் கைவிட வேண்டுமென்றால் பதினொண்ணு முதலில் சுவரில் இருக்கும் மெயின் ஸ்விட்சை இறக்குவார். அதன் கைப்பிடியில் ஒரு துளை இருக்கிறது. அதில் தன் பூட்டைப் போடுவார். சாவி அவருடைய சட்டைப் பைக்குள். ஒரே சாவி, வேறு கிடையாது. பிறகு மெஷினுக்கு வந்து பச்சைப் பொத்தானை ஒரு தடவை அழுத்துவார். ஓடாது. ஓடாததைப் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகும்.

"கரண்ட நிறுத்திட்டு ஸ்விட்ச அமுக்கிப் பாப்பான் சார்!" என்றார் மேஸ்திரி. "வீட்டப் பூட்டிட்டு, வெளிய நின்னுக்கிட்டு, உள்ள யாராவது இருக்கீங்களான்னு கதவத் தட்டற ஆளு."

எனக்கும் சிரிப்பு வந்தது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பதினொண்ணிடம் கேட்டேன். ஏதாவது கோரமான சம்பவம் சொல்லுவார் என்று, சொல்ல வெட்கமாக இருந்தாலும், எதிர்பார்த்தேன்.

"ஒண்ணும் நடக்கல சார்" என்றார். "இங்க வர்றதுக்கு முன்னாடி வேற பட்டறை. இழைப்பு மெஷின்ல சுருள் அடைச்சுக்கிச்சு. மெயினை இறக்கிட்டுக் கைய உள்ள விட்டு நோண்டிக்கிட்டு இருந்தேன். வெளிய போயிருந்த ஒருத்தரு உள்ள வந்தாரு. நல்ல வெயிலு. ஃபேனும் அதே மெயின்லதான். ஏத்திட்டாரு."

"அப்புறம்?"

"தலைக்கு மேல ஃபேன் சுத்துது. கை உள்ள இருக்கு."

உப்புத்தாளை மடித்துக்கொண்டு சொன்னார். "மெஷின் சுத்தல. கரண்டு ஒரு தடவ போனா, மறுபடி பொத்தான அமுக்கினாத்தான் ஓடற மாதிரி ஸ்டார்ட்டர்ல ஒரு காயில் இருக்கு. அது இருக்குன்னே எனக்கு அன்னிக்குத் தெரியாது. கைய எடுத்துட்டுப் போயி டீ குடிச்சேன். அவ்வளவுதான் சார், வேற ஒண்ணும் நடக்கல."

அன்று மாலை வீட்டுக்குப் போய் மனைவியின் தகரப் பெட்டியில் இருந்த பித்தளைப் பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போகும்போது, "புடவைய பத்திரமா வெச்சுக்கோ" என்று அண்ணன் வாங்கிக் கொடுத்த பூட்டு. அண்ணன் என்றால் நம் ஒன்பதரைதான். அன்றிலிருந்து இருபத்தாறு வருடம், அந்தப் பெட்டி ஒரு நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது.

இப்போது ஒன்பது நாளைக்கு முந்திய மத்தியானத்துக்கு வருவோம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது பெஞ்சு. நாலு மணிக்கு லாரி. இன்னும் மூன்று பெஞ்சுக்குப் பலகை அறுக்க வேண்டும். பெல்ட் தேய்ந்துவிட்டதால் பதினொண்ணு மெயினை இறக்கி, பூட்டி, பழைய பெல்ட்டைக் கழற்றி, புதியதை ரம்பத்தின் தண்டில் தொங்கவிட்டு, மோட்டார் பக்கம் மாட்டப் போகிற சமயத்தில் போன் வந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா. "உங்க வீட்டம்மாவுக்கு இஸ்திரிப் பெட்டியில ஷாக் அடிச்சிருச்சு. கீழ விழுந்துட்டாங்க."

மனிதர் போட்டது போட்டபடி ஓடினார். சாவியும் கூடவே ஓடியது.

மூன்றே கால் மணிக்கு மேஸ்திரி போன் செய்தபோது பதினொண்ணு ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார்.

"மாப்ள, சாவி எங்க?"

"உங்க தங்கச்சி உள்ள படுத்திருக்கா மச்சான்."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"முழங்கையில அடி. மத்தபடி நல்லாருக்கான்னாரு."

"அப்ப சரி. சாவி எங்க?"

"நான் வந்துதான் தெறக்கணும். யாரும் தொடாதீங்க."

லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். மேஸ்திரி இரும்பு வெட்டும் கத்திரியை எடுத்தார். மூன்றரை மணிக்கு அந்தப் பித்தளைப் பூட்டு இரண்டானது.

அதன் பிறகு என்ன நடந்தது என்று மேஸ்திரியைக் கேட்டேன். "என்ன நடந்துச்சு? மெயினப் போட்டேன், பொத்தான அமுக்கினேன். மோட்டார் மட்டும் சுத்துது, பிளேடு சுத்தல. பெல்ட் மாட்டல. சரின்னு நிறுத்திட்டேன். லாரி மூணு பெஞ்சு கம்மியாப் போச்சு. ஒண்ணும் நடக்கலியே சார்!"

மறுநாள் காலை பதினொண்ணு வந்து, வெட்டுப்பட்ட பூட்டைப் பார்த்தார். பெல்ட்டை மாட்டி, மூடியை மூடி, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எட்டடி தள்ளி உட்கார்ந்தார். "வெட்டினவரு பூட்டு வாங்கித் தரட்டும். அதுவரைக்கும் மெஷினத் தொட மாட்டேன்."

முதலாளி அன்றைக்கே கடைக்கு ஆள் அனுப்பப் பார்த்தார். "நீங்க வெட்டலியே" என்று பதினொண்ணு வேண்டாம் என்றுவிட்டார். மேஸ்திரியோ, முதலாளி ஆர்டருக்காகத்தான் வெட்டினேன், நான் ஏன் வாங்க வேண்டும் என்று நின்றார். முதலாளி பொறுமை தீர்ந்து கெடு வைத்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் மெஷின் ஓட வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை வேறு ஆள் வருவார்.

"ஐம்பத்து மூணு வயசுல வேற எங்க போவீங்க?" என்று நான் கேட்டேன். "ஒரு பூட்டுதானே. முதலாளி குடுத்தா வாங்கிக்கிட்டா என்ன?"

"எங்கயும் போக முடியாது சார். அதான் மூணு நாளாத் தூக்கமில்ல." தேய்ப்பதை நிறுத்தினார். "முதலாளி குடுத்தா நாளைக்கு இன்னொரு லாரி வரும், அதையும் வெட்டுவாங்க. மச்சான் கடைக்கு நடந்து போயி, இது எதுக்குப்பா பூட்டுன்னு கடைக்காரன் கேட்டா, பதில் சொல்லி வாங்கிட்டு வரணும். பூட்டு கூட வேணாம் சார் எனக்கு. அந்த நடை வேணும்."

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் குழப்பம். விரலை இழந்தவரிடம் நாயோடும் நரியோடும் ஐந்து கதை இருக்கிறது. இழக்காதவரிடம் கதையே இல்லை. முப்பது வருட உழைப்பில் அவர் சேர்த்ததெல்லாம் 'ஒண்ணும் நடக்கல' என்கிற இரண்டு வார்த்தைதான். பூட்டை வெட்டிய மச்சானும் அதே இரண்டு வார்த்தையைத்தான் சொல்கிறார். எழுத்தில் வித்தியாசமில்லை. எந்த 'ஒண்ணும் நடக்கல' உழைத்து வந்தது, எது ஓசியில் வந்தது என்று யார் பார்த்துச் சொல்வது?

சனிக்கிழமை நான் மறுபடி போனேன். ஸ்டூலுக்கு முன்பணம் கொடுக்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலாளி வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நாலு மணி சுமாருக்கு, முழங்கையில் கட்டுடன் ஒரு அம்மாள் உள்ளே வந்தார். ஒரு துணிப்பையைத் திறந்து, ரம்ப மெஷின் மேஜை மேல் ஓர் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். வயரில் மூன்று இடத்தில் கறுப்பு டேப். ஓரிடத்தில் டேப்பும் பிரிந்து செம்பு பல்லைக் காட்டியது.

"இது யாரு சுத்தின டேப்பு?" என்று கணவரைக் கேட்டார்.

பதினொண்ணு எழுந்து நின்றார். "ரெண்டு நிமிஷ வேலைதான். மாத்தணும்னுதான்..."

"ஆறு மாசமா ரெண்டு நிமிஷம். பட்டறைக்கு எம் பெட்டிப் பூட்டு, வீட்டுக்கு டேப்பு. இந்த மனுஷனுக்கு ஊரெல்லாம் ரொம்ப ஜாக்கிரதைன்னு பேரு!"

மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது தப்பாகப் போயிற்று. அம்மாள் திரும்பினார்.

"நீ சிரிக்காதண்ணே. அன்னிக்கு நீ சாவி கேட்டேன்னு இவரு சொன்னதும், ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே உனக்கு நான் போன் பண்ணேன். அது நீ குடுத்த பூட்டு, வெட்டிடாதேன்னு சொல்ல. நீ எடுத்த, பேசல. மூச்சு மட்டும் வந்துது, ஓடி வந்தவனாட்டம். அப்புறம் வெச்சுட்ட. என்னண்ணே ஆச்சு அன்னிக்கு?"

மேஸ்திரி கூரையைப் பார்த்தார். கூரை உதவவில்லை.

"நிறுத்தலம்மா" என்றார் கடைசியில். "மோட்டார நிறுத்தினேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். நிறுத்தல. பிளேடு ஏன் சுத்தலன்னு குனிஞ்சு, ஓட்டத்துலயே கைய விட்டேன். தொங்கிக்கிட்டு இருந்த பெல்ட்ட அப்படியே மோட்டார் சக்கரம், அந்தப் புல்லி மேல தள்ளிடலாம்னு. சட்டைப் பையில போன் அடிச்சுது. எடுக்கறதுக்குக் கைய வெளிய எடுத்தேன். அந்தப் பெல்ட் தானா புல்லியில மாட்டி, படீர்னு ஒரு அடி. பிளேடு சுத்த ஆரம்பிச்சிருச்சு. அப்புறம்தான் நிறுத்தி, யாருக்கும் தெரியாம பெல்ட்டப் பழையபடி கழட்டித் தொங்க விட்டேன்." வலது கையைத் தூக்கிப் பார்த்தார். "இந்தக் கை."

அவர் சொன்ன கதைகளிலேயே நாயோ நரியோ இல்லாதது இது ஒன்றுதான். நான் நம்பினேன். தங்கையின் போன் தக்க சமயத்தில் வந்தது என்று இதைப் பெரிதாகப் பேச எனக்கும் ஆசைதான். ஆனால் அரை நிமிடம் கழித்து அடித்திருந்தாலும் அது அதே போன்தான். அதை நம்பிப் பட்டறை நடத்த முடியாது.

பதினொண்ணு மச்சானின் வலது கையைப் பிடித்தார். கட்டை விரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அவர் எண்ணியது நான் எண்ணியதைவிட மெதுவாக இருந்தது. முடித்துவிட்டுக் கையை விடாமலே, "நானும் டேப்பு சுத்தியிருக்கேன் மச்சான்" என்றார்.

அவ்வளவுதான் சமாதானம். பேச்சைத் தபாலில் அனுப்புவது அன்றோடு நின்றது. பதினொண்ணு அங்கேயே உட்கார்ந்து, பட்டறையில் கிடந்த புது வயரை எடுத்து இஸ்திரிப் பெட்டிக்கு மாற்றினார். பிளக் எங்கேயும் சொருகப்படவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அதைத் தன் கண் முன்னால் மேஜை மேல் வைத்துக்கொண்டுதான் திருகாணியைத் தொட்டார். நாலரை நிமிடம் ஆயிற்று. "ரெண்டு நிமிஷம்னீங்களே" என்றார் மனைவி.

அதே நேரத்தில் மேஸ்திரி கடைக்கு நடந்தார். போனதை நானே பார்த்தேன். சாட்சி சொல்லத் தயார். கடைக்காரர் எதற்கு என்று கேட்டாராம், இவர் பதில் சொன்னாராம், கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தாராம். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். கையில் ஒரு பூட்டு, குழந்தையின் தலை அளவு. மெயின் கைப்பிடித் துளையில் அதன் வளையம் நுழையவில்லை. இந்தக் காலத்துப் பூட்டெல்லாம் தடித்த வளையம்தானாம். சன்னமானது வரவழைத்துத் தர வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம்.

முதலாளி கடிகாரத்தைத் தட்டினார். பள்ளிக்கூட பெஞ்சுகளுக்கு அறுத்ததில் மெஷினில் பிளேடு வேறு மழுங்கியிருந்தது. மாற்றாமல் ஓட்ட முடியாது.

"பூட்டு வர்ற வரைக்கும் நானே பூட்டு" என்றார் மேஸ்திரி. "மெயினுக்குக் கீழ உக்காந்துக்கறேன்."

பதினொண்ணு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு மெயினை இறக்கி, மூன்று ஃப்யூஸையும் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மின்சாரத்தைப் பையில் வைத்திருக்கிறார் என்ற வதந்தி இப்படியாக நான் பார்க்கப் பார்க்க உண்மையாயிற்று.

"வேற ஃப்யூஸ் எடுத்து யாராவது சொருகலாம். அதுக்குத்தான் நீங்க. போன் எடுக்கக் கூடாது. டீக்கு எந்திரிக்கக் கூடாது. முதலாளி கூப்பிட்டாலும் எந்திரிக்கக் கூடாது."

"மூச்சு விடலாமா மாப்ள?"

"விடுங்க. ஆனா உக்காந்தே விடுங்க."

பிறகு பதினொண்ணு சிவப்புப் பொத்தானில் தொங்கிய சாப்பாட்டுப் பையை எடுத்து மேஸ்திரி மடியில் வைத்தார். பச்சைப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினார். ஓடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. கை உள்ளே போயிற்று. ஐந்தே முக்காலுக்கு ரம்பம் பாடத் தொடங்கியபோது முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பதை மறந்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. சன்ன வளையப் பூட்டு இன்னும் வரவில்லை. நேற்றுப் போய் விசாரித்தேன். "அடுத்த வாரம் வந்துரும்னு கடைக்காரன் சொல்றான் சார்" என்றார் மேஸ்திரி, மெயினுக்குக் கீழே சுவரில் சாய்ந்தபடி, கால்மேல் கால் போட்டு. தங்கையின் பெட்டிக்கும் சேர்த்து இரண்டாகத்தான் வாங்கப் போகிறாராம். பெட்டியில் இன்றைக்கும் நைலான் கயிறு.

அவர் உட்கார்ந்திருந்தது புத்தம்புது ஸ்டூல். உயரம் நான் சொன்ன உயரம்தான். பூட்டு வந்தவுடன் எந்திரிச்சுக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.